பூட்டும் பூட்டைச் சோதித்தவரும்

தென்கிழக்கு ஜோகூரின் காடுகளைத் திருத்திச் செம்பனை நடுவதற்கென 1972-ஆம் ஆண்டில் ஒரு வளர்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது. கெஜோரா என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் அவ்வாரியத்தின் எல்லைக்குள் எழுந்த புதிய ஊர்களுள் ஒன்று பண்டார் தெங்காரா. அத்தகைய ஊர்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் அந்நாளில் தமிழ்ப்பாட்டு வந்து சேர்ந்த வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று மலேசிய வானொலி, மற்றொன்று ஒலிநாடா. வானொலி தான் விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் தரும். ஒலிநாடாவோ கேட்பவன் விரும்பியதைத் தரும். ஆகவே ஒரு வீட்டில் புதிய நாடா வாங்கப்பட்டால், ஒரு திங்களுக்குள் அதன் படிகள் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கத் தொடங்கின. இரண்டு நாடாக்களை ஒருங்கே பொருத்தும் கருவி ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்தால் போதும். கடைக்காரரிடம் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கும் வழக்கமும் இருந்தது. அதனைக் குற்றமென்று எண்ணியவர் அரியர்.

ஆயினும் அந்நாளைய படியெடுப்புக்கு இயற்கையே ஒரு வேலி கட்டியிருந்தது. முதற்படியில் இரைச்சல் சிறிது கூடும். படியின் படியில் அது மேலும் கூடும். நான்காம் தலைமுறைக்கு வரும்போது பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து எழுவதுபோல் கேட்கும். நல்ல ஒலி வேண்டுவோர் கடைக்குச் சென்று மூலநாடாவை வாங்கியே தீரவேண்டும். இசை நிறுவனங்கள் வெகுண்டு பேசினாலும் பிழைத்து வந்தமைக்கு இவ்வேலியும் ஒரு காரணம்.

அவ்வேலியை அழித்தது எண்முறைப் பதிவு. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் பாட்டு எண்களாகப் பொறிக்கப்பட்டது. எண்ணைப் படியெடுத்தால் அதே எண்தான் கிடைக்கும்; ஆயிரமாவது படிக்கும் முதற்படிக்கும் வேறுபாடு இல்லை. 1990-களின் பிற்பகுதியில் கணினியில் குறுந்தட்டு எழுதும் கருவி மலிவானதும், மலேசியாவின் இரவுச் சந்தைகளில் போலித் தட்டுகள் குவியலாய்க் கிடந்த காட்சியைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அரசு 2000-ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டத்தை இயற்றி, தட்டு வார்க்கும் ஆலைகள் உரிமம் பெறவேண்டும் என்றும், ஒவ்வொரு தட்டிலும் ஆலையின் குறியெண் பொறிக்கப்படவேண்டும் என்றும் பணித்தது. இது போலி செய்பவனை நோக்கி நேராகச் சென்ற சட்டம். உலகின் பெரிய இசை நிறுவனங்கள் வேறொரு வழியையும் நாடின. பாட்டுக்கே பூட்டுப் போடுவது அவ்வழி.

பூட்டு என்றதும் திண்டுக்கல் தமிழர் நினைவுக்கு வரும். பூட்டின் வரலாற்றில் நினைவில் கொள்ளவேண்டிய வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இலண்டனில் ஜோசப் பிராமா என்பவரின் நிறுவனம் தன் கடைச் சாளரத்தில் ஒரு பூட்டை வைத்து, அதனைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசென்று அறிவித்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதனை எவராலும் திறக்க முடியவில்லை. 1851-ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், பதினாறு நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்துவிட்டார். சச்சரவு எழுந்தது, செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாய் எழுதின. முடிவில் பரிசுத் தொகை அவர் கைக்குச் சென்றது. அவரைக் கள்வனென்று எவரும் கூண்டிலேற்றவில்லை. பூட்டுத் தொழிலுக்கும் அதனால் நன்மையே விளைந்தது.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே போன்ற ஓர் அறைகூவல் இசை உலகிலிருந்து எழுந்தது. 1998-ஆம் ஆண்டின் இறுதியில் இசை நிறுவனங்களும் மின்னணுக் கருவி செய்வோரும் கணினி நிறுவனங்களுமாக ஏறத்தாழ இருநூறு அமைப்புகள் கூடி, பாதுகாப்பான எண்முறை இசை முன்முயற்சி என்னும் அமைப்பை நிறுவின. பாட்டின் ஒலிக்குள்ளேயே காதுக்குப் புலப்படாத ஓர் அடையாளத்தைப் புதைப்பது அதன் திட்டம். தாளில் வெளிச்சம் பட்டால் மட்டும் தெரியும் நீர்க்குறி போன்றது என்பதால் இதற்கும் நீர்க்குறி என்றே பெயர். ஒலிக்கருவி அக்குறியைப் படித்து, இப்பாட்டை இசைக்கலாமா, படியெடுக்க விடலாமா என்று தீர்மானிக்கும்.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவ்வமைப்பு தன் காப்பு முறைகளை உடைத்துக் காட்டுமாறு உலகோரை அழைத்தது. பத்தாயிரம் டாலர் வரை பரிசு. கால எல்லை ஏறத்தாழ மூன்று வாரம். சோதிப்பவருக்கு மூன்று ஒலித்துண்டுகள் தரப்பட்டன. ஒரே பாட்டின் குறியிடாத வடிவமும் குறியிட்ட வடிவமும் முதல் இரண்டு. மூன்றாவது, குறியிட்ட வேறொரு பாட்டு. இம்மூன்றாவதிலிருந்து ஒலிநயம் கெடாமல் குறியை அகற்றவேண்டும். முறையின் விளக்கம் எதுவும் தரப்படவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் தலைமையில், ரைஸ் பல்கலைக்கழகத்தையும் ஜெராக்ஸ் ஆய்வகத்தையும் சேர்ந்தோர் உள்ளிட்ட குழு ஒன்று இதில் இறங்கியது. முதல் இரண்டு துண்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால் எஞ்சுவது குறியின் சாயல் அல்லவா? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நான்கு நீர்க்குறி முறைகளையும் வென்றதாக அறிவித்தனர்.

பரிசு வேண்டுமானால் கண்டறிந்ததை வெளியிடமாட்டேன் என்று கையொப்பமிடவேண்டும். ஃபெல்டன் குழுவினர் பரிசை வேண்டாமென்று ஒதுக்கினர். ஆய்வுக்கட்டுரை எழுதி 2001 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் நகரக் கருத்தரங்கில் படிப்பதாய் இருந்தனர். அறிஞர் ஒருவர் காசை விடுத்துக் கட்டுரையைத் தேர்ந்தது இந்நாளில் சற்று வியப்பூட்டலாம். கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு அதில் வியப்பில்லை. ஏப்ரல் 9-ஆம் நாள் அவருக்கு ஒரு மடல் வந்தது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலகச் சங்கத்தின் சட்ட அதிகாரி ஒருவர், அந்த இசை முன்முயற்சி அமைப்பின் சார்பில் எழுதியது அது. கட்டுரை வெளியானால், 1998-இல் நிறைவேறிய எண்முறை ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கு உள்ளாக நேரலாம் என்பது அதன் சாரம். மடலின் படி கருத்தரங்கு அமைப்பாளருக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் சென்றது. கருத்தரங்கு நாளான ஏப்ரல் 26 அன்று ஃபெல்டன் மேடையேறிக் கட்டுரையைப் படிக்கவில்லை. அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஓர் அறிக்கையை மட்டும் வெளியிட்டார்.

அச்சட்டத்தின் இயல்பை இங்குச் சிறிது விளக்கவேண்டும். திருட்டுப் படி எடுப்பதைத் தடுக்கப் பழைய பதிப்புரிமைச் சட்டமே போதும். புதிய சட்டம் அதற்கும் முன்னே ஓரடி எடுத்து வைத்தது. படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுவதும், தாண்ட உதவும் கருவியை வழங்குவதும் தனித்தனிக் குற்றமாயின. பொருளீட்டும் நோக்குடன் வேண்டுமென்றே செய்தால் முதற்குற்றத்துக்கே ஐந்தாண்டுச் சிறையும் ஐந்து இலட்சம் டாலர் தண்டமும் விதிக்க இடமுண்டு. மறைகுறியீட்டு ஆய்வுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் விலக்குகள் இருந்தன. அவற்றின் நிபந்தனைகளோ பல. தன் ஆய்வு விலக்குக்குள் அடங்குமா அடங்காதா என்பதை வழக்கு முடிந்த பின்னரே ஆய்வாளர் அறிய முடியும். பூட்டின் வலிமை உருக்கிலிருந்து சட்டப் புத்தகத்துக்கு இடம் மாறியது. பூட்டு வலுவற்றது என்று சொல்பவரின் வாயை அடைத்துவிட்டால் அது வலுவுள்ளதாகத் தோன்றும்.

ஃபெல்டன் குழுவினர் அடங்கிவிடவில்லை. 2001 ஜூனில் மின்வெளி உரிமைக்குப் போராடும் அமைப்பு ஒன்றின் துணையுடன் நியூ ஜெர்சி நடுவண் நீதிமன்றத்தை நாடினர். நிறுவனத் தரப்பு, வழக்குத் தொடரும் எண்ணமே தங்களுக்கு இருந்ததில்லை என்றது. ஆகஸ்டு 15-ஆம் நாள் வாஷிங்டனில் நடந்த மற்றொரு கருத்தரங்கில் கட்டுரை படிக்கப்பட்டது. தீர்த்து வைக்கவேண்டிய பிணக்கு இல்லை என்று நவம்பரில் வழக்கும் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் எல்லை யாதென்ற வினா மட்டும் விடையின்றி நின்றது.

அவ்விடை வேண்டியிருந்தது என்பதற்கு அதே கோடையில் சான்று கிடைத்தது. மின்னூல் பூட்டின் குறைகளைப் பற்றி லாஸ் வேகாசில் உரையாற்றிய திமித்ரி ஸ்க்லியாரோவ் என்னும் உருசிய இளைஞர் 2001 ஜூலை 16 அன்று கைது செய்யப்பட்டார். அவர் எழுதிய மென்பொருள் உருசியாவில் சட்டத்துக்கு மாறானதன்று. மூன்று வாரம் காவலில் இருந்து பிணையில் வந்தார். ஆண்டு முடிவில்தான் தாய்நாடு திரும்பினார். அவர் பணியாற்றிய நிறுவனம் 2002 டிசம்பரில் குற்றமற்றதென்று நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டது. அதற்குள் அச்சம் கடல் கடந்துவிட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த நீல்ஸ் ஃபெர்குசன் என்னும் அறிஞர், படக்காட்சிக் காப்பு முறை ஒன்றில் தாம் கண்ட குறையை வெளியிடப் போவதில்லை என்று 2001-இல் அறிவித்தார். அமெரிக்காவுக்குச் செல்லும்போது தாம் பிடிபடக்கூடும் என்பதே அவர் கூறிய காரணம்.

இவ்வளவு காவலுக்கு உட்பட்ட பூட்டுகள் எத்தகையவை என்று காண்பது நகைப்புக்குரியது. 1980-இல் வகுக்கப்பட்ட குறுந்தட்டு இலக்கணத்தில் பூட்டுக்கு இடமில்லை. பழைய இசைக்கருவிகள் பூட்டிய தட்டைப் பாட மறுக்கும். ஆகவே, இசைக்கருவிக்குத் திறந்தும் கணினிக்கு மூடியும் இருக்கும் தட்டைச் செய்ய முற்பட்டனர். 2002-இல் வந்த ஒரு முறையை, தட்டின் விளிம்பில் மைப்பேனாவால் கோடிழுத்தே வென்றனர். 2003-இல் சன்காம் நிறுவனத்தின் முறை வந்தது. தட்டைச் செருகியதும் ஒரு காவல் மென்பொருள் தானே கணினியில் ஏறிக்கொள்ளும். அது படியெடுப்பைத் தடுக்கும். ஃபெல்டனின் மாணவரான அலெக்ஸ் ஹால்டர்மன் அதனை ஆராய்ந்து, தட்டைச் செருகும்போது விசைப்பலகையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் காவலன் வருவதேயில்லை என்று எழுதினார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அந்நிறுவனம் ஒரு கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்கிடப் போவதாக முழங்கியது. மறுநாளே அவ்வெண்ணத்தைக் கைவிட்டது. ஒரு விசையை அழுத்தச் சொன்ன மாணவரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் ஊர் சிரிக்கும் என்பதை யாரோ எடுத்துரைத்திருக்கவேண்டும்.

சிரிப்புக்கு இடமில்லாத நிகழ்ச்சி 2005-இல் நடந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைத்தட்டுகள் பலவற்றில், இங்கிலாந்தின் ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் நிறுவனம் செய்த காப்பு மென்பொருளை வைத்தது. தட்டைக் கணினியில் இட்டதும் அது ஏறி அமர்ந்துகொள்ளும். அமர்ந்ததோடன்றித் தன்னை ஒளித்தும் கொள்ளும். குறிப்பிட்ட ஓர் எழுத்துத் தொடரில் தொடங்கும் பெயருடைய கோப்பு எதுவாயினும், அக்கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போகும்படி அது செய்தது. கணினித் துறையில் இதற்கு ரூட்கிட் என்று பெயர். கணினியைக் களவாட வருவோர் கைக்கொள்ளும் முறை. தீயவன் ஒருவன் தன் நச்சு நிரலுக்கு அவ்வெழுத்துகளில் தொடங்கும் பெயரைச் சூட்டினால் போதும். நச்சுத் தடுப்பு மென்பொருளும் அதனைக் காணாது. அகற்றும் வழியும் தரப்படவில்லை. தாமாகவே பிடுங்கி எறிய முயன்றவர்களின் தட்டுச் செலுத்தி செயலற்றுப் போனது. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் 2005 அக்டோபர் 31-ஆம் நாள் இதனை வெளிப்படுத்தினார். தம் கணினியில் ஏதோ ஒளிந்திருப்பதைக் கண்டு துருவிச் சென்று, தாம் விலை கொடுத்து வாங்கிய இசைத்தட்டில் போய் முடிந்தார். பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. நிறுவன அதிகாரி ஒருவர், பெரும்பாலோர்க்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு அவர்கள் ஏன் கவலைப்படவேண்டும் என்ற பொருளில் வானொலியில் பேசினார். அடுத்த வாரமே அவ்வொளிவிடத்தைப் பயன்படுத்தும் நச்சு நிரல்கள் உலவத் தொடங்கின. அகற்றுவதற்கென்று நிறுவனம் பின்னர்த் தந்த மென்பொருள் முன்னிருந்ததினும் பெரிய ஓட்டையைத் திறந்ததை ஃபெல்டனும் ஹால்டர்மனும் காட்டினர். பதிப்புரிமையைக் காக்க வந்த அம்மென்பொருளுக்குள்ளேயே பிறர் எழுதிய திறந்தநிலை நிரல்களின் பகுதிகள் உரிம நிபந்தனைக்கு மாறாக இடம்பெற்றிருந்ததையும் ஆய்வாளர் கண்டனர். 52 இசைத்தொகுப்புகள், 47 இலட்சம் தட்டுகள், அவற்றுள் ஏறத்தாழ 21 இலட்சம் விற்றுப்போனவை. நவம்பர் நடுவில் நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்றது. டெக்சஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது; மக்கள் தொடுத்த வழக்கு 2006-இல் உடன்பாட்டில் முடிந்தது.

இவ்வரலாற்றில் பலரும் கவனியாது விடும் ஒரு செய்தி உண்டு. ஃபெல்டனும் ஹால்டர்மனும் அத்தட்டுகளின் குறையை ருசினோவிச் வெளியிடுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே அறிந்திருந்தனர். அறிந்தும் வெளியிடவில்லை. வெளியிட்டால் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பாயுமோ என்று வழக்கறிஞர்களுடன் கலந்து பேசிக்கொண்டிருந்தனர். இதனை அவர்களே பின்னர் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்தனர். 2001-இல் வந்த ஒரு மடலின் நிழல் 2005 வரை நீண்டிருந்தது. அந்த ஒரு மாதமும் தட்டுகள் விற்கப்பட்டன; வீட்டுக் கணினிகள் திறந்து கிடந்தன; ஆபத்தை அறிந்த ஆசிரியரும் மாணவரும் வாய்திறக்க வழியின்றி இருந்தனர். வழக்கே தொடுக்கப்படாத ஓர் அச்சுறுத்தல் செய்யக்கூடிய தீங்கு எவ்வளவு என்பதற்கு அம்மாதமே அளவுகோல்.

2006 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகர், குறுந்தட்டுப் பூட்டுகளின் பாதுகாப்புக் குறையை நல்லெண்ணத்துடன் சோதிப்பதற்கு மூன்றாண்டு விலக்கு வழங்கினார். 2015-இல் அது பல வகைக் கருவிகளுக்கும் விரிந்தது. இசைப்பூட்டோ அதற்கு முன்னரே கழன்றுவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2007-இல் ஒரு பகுதிப் பாட்டுகளையும் 2009-இல் தன் கடையின் பாட்டுகள் அனைத்தையும் பூட்டின்றி விற்கத் தொடங்கியது. இசை விற்பனை அதனால் அழிந்துவிடவில்லை.

ஹால்டர்மனின் பெயர் இந்தியாவிலும் ஒலிக்க நேர்ந்தது. இம்முறை பொருள் பாட்டன்று, வாக்குப்பதிவு இயந்திரம். ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ஹரி பிரசாத், ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் ஹாங்கிரைப் ஆகிய மூவரும் ஓர் இயந்திரத்தைத் திறந்து ஆராய்ந்து, அதனை எவ்வாறு மாற்றியமைக்க இயலும் என்பதை 2010 ஏப்ரலில் வெளியிட்டனர். இயந்திரங்கள் கட்டுக்காவலில் உள்ளன, நிருவாகப் பாதுகாப்பு முறைகளை மீறி அவற்றைத் தொடமுடியாது என்பது தேர்தல் ஆணையத்தின் நிலைப்பாடு. இயந்திரத்தைக் கொடுத்தவர் பெயரைக் கூற ஹரி பிரசாத் மறுத்தார். 2010 ஆகஸ்டு 21-ஆம் நாள் மும்பைக் காவல்துறை அவரை ஐதராபாத்தில் அவர் இல்லத்திலிருந்து அழைத்துச் சென்றது. குற்றச்சாட்டு, இயந்திரத் திருட்டு. ஒரு வாரம் கழித்துப் பிணை கிடைத்தது. சிலம்பு கையில் இருந்தமையால் கோவலன் கள்வனென்று முடிவு கட்டப்பட்ட மதுரையின் கதையைத் தமிழ் மாணவர் எவரும் இவ்விடத்தில் நினையாதிருக்க மாட்டார். அவ்வாண்டே மின்வெளி உரிமை அமைப்பு அவருக்கு முன்னோடி விருது வழங்கியது. 2013 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், வாக்காளர் கண்டு சரிபார்க்கும் தாள்சீட்டு முறையைப் படிப்படியாக நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. அது வேறொருவர் தொடுத்த வழக்கு. ஆயினும் இயந்திரத்தை மட்டும் நம்புக என்ற நிலை அன்றோடு மாறியது.

இந்தியா 2012-இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பூட்டைத் தாண்டுதலைக் குற்றமாக்கியது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். முறையாகப் பெற்ற படியைக் கொண்டு மறைகுறியீட்டு ஆய்வு செய்வதும், உடைமையாளரின் ஒப்புதலோடு கணினிப் பாதுகாப்பைச் சோதிப்பதும் விலக்கப்பட்டன. நோக்கத்தைக் கேட்ட பின்பே தண்டிப்பது என்பது அமெரிக்கச் சட்டம் விட்ட இடத்தை நிரப்பும் நல்ல எண்ணம்.

மலேசியாவும் அதே 2012-இல், 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 36அ என்னும் பிரிவைச் சேர்த்தது. பூட்டைத் தாண்டுவது கூடாதென்று அது தொடங்குகிறது. பின்னர் விலக்குகளை வரிசைப்படுத்துகிறது: மறைகுறியீட்டின் குறைகளைக் கண்டறிந்து ஆராய்வது மட்டுமே நோக்கமாயின் தடையில்லை, கணினியின் பாதுகாப்பைச் சோதிப்பதோ திருத்துவதோ மட்டுமே நோக்கமாயின் தடையில்லை, பயனர் அறியாமல் அவர்தம் விவரங்களைத் திரட்டும் ஒளிவுத் திறனைக் கண்டு செயலிழக்கச் செய்வதற்கும் தடையில்லை. இறுதி விலக்கைப் படிக்கையில் சோனி இசைத்தட்டுகளின் நினைவு எழாமல் போகாது.

எனினும் இந்நாட்டு ஆய்வாளர் ஒரே சட்டத்தின்கீழ் நிற்கவில்லை. 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, தனக்கு அனுமதியில்லை என்று அறிந்தே ஒரு கணினியின் தரவை அணுக முனைவதைக் குற்றமென்கிறது. 50,000 ரிங்கிட் வரை தண்டம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. நல்லெண்ணத்துக்கென்று அப்பிரிவில் தனி விலக்கு இல்லை. தான் வாங்கிய இசைத்தட்டைத் தன் கணினியில் இட்டுச் சோதிப்பவருக்கு இது இடையூறன்று. பாட்டு இருக்குமிடம் மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பண்டார் தெங்காராவில் இன்று பாட்டு ஒலிநாடாவில் வருவதில்லை, கைப்பேசியில் வருகிறது. ஸ்போட்டிஃபை போன்ற சேவைகள் 2013 முதல் மலேசியாவில் கிடைக்கின்றன. பாட்டை வாங்கும் வழக்கம் குறைந்து, திங்கள்தோறும் கட்டணம் செலுத்திக் கேட்கும் வழக்கம் வந்துள்ளது. அதனோடு பூட்டும் திரும்பி வந்துவிட்டது. பதிவிறக்கிய பாட்டும் அச்சேவையின் செயலிக்கு வெளியே ஒலிக்காது. பூட்டின் ஒரு பாதி கேட்பவரின் கைப்பேசியிலும் மறுபாதி எங்கோ உள்ள நிறுவனத்தின் கணினியிலும் இருக்கிறது. முதற்பாதியைச் சோதிக்கும் கணினி மாணவருக்கு 36அ பிரிவின் விலக்கு துணை நிற்கலாம். மறுபாதியைத் தொட்டால் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். சோதனையைத் தொழிலாகக் கொண்டு பிறருக்குச் சேவை வழங்க முற்பட்டால், 2024 ஆகஸ்டு 26 அன்று நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஊடுருவல் சோதனைக்கான உரிமமும் பெறவேண்டும். உரிமமின்றிச் செய்தால் ஐந்து இலட்சம் ரிங்கிட் வரை தண்டமும் பத்தாண்டு வரை சிறையும் உண்டு. மூன்று சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டே அம்மாணவர் தம் முதற்கட்டுரையை எழுத உட்காரவேண்டியுள்ளது.